உள்ளிருந்து நெரித்தது யார்?

"ஐயோ... அடிக்காதண்ணே!"

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. பகல் வெயிலில் பழைய இரும்புக் குடோனின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

உள்ளே முதலாளி துளசிராமனின் கையில் இரும்புக் கம்பி. காலடியில் அவனுடைய டிரைவர் தாவீது. நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"டீயில இன்னாடா கலந்த?"

"சத்தியமா ஒண்ணியும் கலக்கலண்ணே!"

"அப்போ இடுப்பு ஏன்டா இப்படிக் கடுக்குது? காலு ஏன் வீங்குது? மூத்திரங்கூட வரல! தெனம் டீ குட்த்தே என்னக் கொல்லப் பாத்தியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான்தானேண்ணே சொல்லிக்கினு..."

கம்பி மறுபடி இறங்கியது.

எலும்பு நொறுங்கும் சத்தம்!

தாவீது அசையவில்லை.

கம்பியை வீசிவிட்டுத் திரும்பினான் துளசிராமன். வாசலை எட்டுவதற்குள் இடுப்பில் யாரோ கத்தியைச் செருகித் திருகியது போல ஒரு வலி... குப்புற விழுந்தான்.

கண் விழித்தபோது திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எதிரே டாக்டர் ஜபீன்.

"விஷம்தானே டாக்டர்?"

"விஷமா? யார் சொன்னது? வயித்துக்குப் பின்பக்கம் தழும்பு மாதிரி நார்த்திசு வளர்ந்து, ரெண்டு மூத்திரக் குழாயையும் நெரிச்சிருக்கு. ரெட்ரோபெரிடோனியல் ஃபைப்ரோசிஸ். ரொம்ப அபூர்வம்."

"யாரு பண்ணது?"

"யாரும் பண்ணல. பல பேருக்குக் காரணமே தெரியாது. குழாய்ல ஸ்டென்ட் வெச்சாச்சு. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். கேன்சர் இல்லன்னா ஸ்டீராய்டு மாத்திரை. மாசக்கணக்குல சாப்பிடணும். பொழைச்சுக்குவீங்க."



கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நர்மதா உள்ளே வந்தாள்.

"ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணது உங்க டிரைவர் தாவீது. 'எங்க அண்ணன் மயங்கிட்டாரு, சீக்கிரம் வாங்க'ன்னு சொல்லியிருக்கான். தன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல!"

"அவன்... உசுரோட...?"

"வழியிலயே போய்ட்டான். எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டதுக்கு, 'கம்பி சரிஞ்சு மேல விழுந்துடுச்சு'ன்னானாம். விபத்துன்னு கேஸை முடிக்கணும். நீங்களும் அதையே சொல்லிட்டா என் வேலை தீர்ந்தது."

தலையை ஆட்டினால் போதும்... தப்பித்துவிடலாம்!

துளசிராமனுக்குத் தலை ஆடவில்லை.

"கம்பி சரியல மேடம்... நான்தான் அடிச்சேன்! பாவி... நானே அவனக் கொன்னுட்டேன்!"

இரண்டு கைகளாலும் முகத்தில் அறைந்துகொண்டு கதறினான்.

நர்மதா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மாசக்கணக்குல மாத்திரைன்னீங்களே... கவலையே படாதீங்க டாக்டர். இனிமே இவரை வேளாவேளைக்கு எழுப்பிக் குடுக்க, துப்பாக்கியோட ஆள் போட்டுடுவோம்!"