நோயாளி அனுப்பிய செய்தி

திங்கள்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பிய யூனுஸ், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் கட்டுத்தறி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தான். கயிறு அறுபடவில்லை. யாரோ நிதானமாக அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். சலேகோவைக் காணவில்லை.

வெள்ளை உடம்பில் கரும்புள்ளி, நீலக் கண். அப்படியோர் எருமை அந்த மலைச்சரிவில் வேறு கிடையாது. ஆகஸ்டில் நடக்கவிருந்த அப்பா லாயுக்கின் சடங்கில் பலி கொடுக்க வளர்த்த எருமை அது. அது இல்லாமல் அந்தக் குடும்பம் சடங்கு வைக்க முடியாது; வைத்தால் ஊர் சிரிக்கும்.

எருமை போன இடம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கீழ்நாட்டு வியாபாரி டாயெங் நாபா லாரியில் ஏற்றிப் போயிருந்தார். ஒளிக்கவும் இல்லை. போலீஸ் வந்ததும் தன் போனை எடுத்துக் காட்டினார். லாயுக்கின் டேப்லெட்டிலிருந்து ஞாயிறு காலை வந்த செய்தி:

‘சலேகோவை உன் மேய்ச்சலுக்குக் கொண்டுபோ. அடுத்த வருஷம் வரை அங்கேயே இருக்கட்டும். விலையெல்லாம் அப்புறம்.’

“அவருக்கு ஒடம்பு முடியலன்னு எனக்குத் தெரியும். பாவம், படுத்துக்கிட்டே அனுப்பியிருக்காருன்னு நெனச்சேன்,” என்றார் நாபா.

லாயுக்கின் மூச்சு நின்று ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. ஆனால் ‘செத்துப்போனார்’ என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். கெடாமலிருக்க மருந்து ஏற்றிய உடம்போடு, நல்ல சட்டை போட்டு, தலைத்துணி கட்டி, பின்னறையில் தலையை மேற்கே வைத்துப் படுத்திருந்தார். வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் வைத்தார்கள். சடங்கு தொடங்கும் நாளில் தலையைத் தெற்கே திருப்பி, இறந்தவராக அனுப்பிவைப்பார்கள். அதுவரை அவர் நோயாளிதான்.

வழக்கு ரோசினா பாலிங்கியிடம் வந்தது. அந்த மலையில் பிறந்த போலீஸ்காரி. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் நெடுநாள் படுத்திருந்தாள். ஆகவே நோயாளி செய்தி அனுப்பினார் என்று கேட்டதும் அவள் சிரிக்கவில்லை.

அவள் கைக்கு வருமுன்பே ஓர் ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். கைபேசி, டேப்லெட் பழுது பார்க்கும் மெல்கி. நாபாவின் போனையும் அவன்தான் பார்ப்பான். லாயுக்கின் டேப்லெட்டுக்கு ஆன்டிவைரஸ் வேண்டாமென்று சொன்னவனும் அவன்தான். வைரஸை உள்ளே விட்டு, கடையில் உட்கார்ந்தபடியே செய்தி அனுப்பி நாபாவோடு பங்கு பேசினான் என்பது யூனுஸின் புகார். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மெல்கியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் கடைக் கதவில் ஏற்கெனவே கல் விழுந்திருந்தது. நிறைமாத மனைவி காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

காலை ஒன்பது மணி. ரோசினா கம்பிக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஆன்டிவைரஸ் ஏன் போடல?”

“கேக்கிறவங்களுக்குப் போடறதுதான், இபு,” என்று அந்த ஊர் வழக்கில் மேடம் போட்டான் மெல்கி. “அவருக்குத் தேவைப்படல. கண்ட எடத்துலேருந்து எதையும் எறக்க மாட்டாரு. நானும் அப்பப்ப வாங்கி அப்டேட் பண்ணிக் குடுத்துருவேன். டேப்லெட்டுக்கு அது போதும். ‘உங்க டேப்லெட்டுல பதிமூணு வைரஸ்’னு பயங்காட்டி வருதே ஒண்ணு, அதைத் தொடாம இருந்தாலே பாதி நோய் வராது.”

“அப்போ என்னதான் போட்டுக் குடுத்தே?”

“பூட்டு. வீட்டுல பாட்டுக் கேக்க எல்லாரும் எடுப்பாங்க. அவரோட செய்திப் பெட்டியை மட்டும் தனியா பூட்டிக் கேட்டாரு. அவர் மொகத்தைக் கண்டா தொறக்கும். இல்லன்னா அவருக்கு மட்டும் தெரிஞ்ச நம்பர்.”

“உனக்குத் தெரியாது?”

“தெரிஞ்சா அது என்ன பூட்டு, இபு?”

மகாசர் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முடிவும் அவனுக்குச் சாதகமாகவே இருந்தது. டேப்லெட்டில் கள்ளச் செயலி ஏதுமில்லை. செய்தி வெளியிலிருந்து வரவில்லை. அந்தத் திரையிலேயே விரலால் எழுதியது. மேலதிகாரிக்கு அது போதவில்லை. தடம் தெரியாத வைரஸும் உண்டு என்று அவர் எங்கேயோ படித்திருந்தார்.

ரோசினா மலையேறினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. திருடன் என்றால் விலை பேசியிருப்பான். இந்தச் செய்தி எதையும் கேட்கவில்லை. ஒரு வருஷத்தைத் தவிர.

வீட்டில் யூனுஸ் வாசலிலேயே தொடங்கிவிட்டான். “நான் அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன், ஆன்டிவைரஸ் போடுடான்னு. பெரிய இவனாட்டம் வேணாம்னான்.”

“செய்திப் பெட்டியை நீங்க யாரும் தொறந்து பாக்கலையா?”

அப்பா படுத்த புதிதில் திறக்க முயன்றதாக அவன் ஒப்புக்கொண்டான். உறவுக்காரர்களின் எண்கள் வேண்டியிருந்தன. டேப்லெட்டை அப்பாவின் முகத்துக்கு நேரே எத்தனையோ விதமாய்ப் பிடித்தும் திறக்கவில்லை. நோயில் முகம் வற்றிப்போனதால் அதற்கு அடையாளம் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிறு காலை எல்லோரும் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். நோயாளியைத் தனியே விடக் கூடாது என்று அம்மா தாபிதா மட்டும் துணைக்கு இருந்தாள். யூனுஸ் நடுவில் வந்து எருமைக்குப் புல் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தான். அதை அவன் தானாகச் சொல்லவில்லை. அக்கா டமாரிஸ்தான் சொன்னாள். அந்த எருமையைக் கன்றிலிருந்து குளிப்பாட்டி வளர்த்தவன் அவன் என்றும் சொன்னாள்.

“அதுக்காக நான் ஓட்டிவிட்டுட்டேன்னு சொல்றியா?” என்றான் யூனுஸ். “சடங்கு முடியாம எனக்குக் கல்யாணம் ஏது? ஒரு வருஷம் தள்ளிப்போனா அவ வீட்டுல காத்திருப்பாங்களா?”

டமாரிஸும் சடங்குக்கென்று வேலையிலிருந்து விடுப்பு வாங்கி வந்தவள்.

ரோசினா பின்னறைக்குள் போனாள். “அம்பே, மன்னிக்கணும், உள்ள வர்றேன்,” என்று படுத்திருந்தவரை அப்பா முறை வைத்து அழைத்துச் சொல்லிவிட்டே தரையில் உட்கார்ந்தாள். கறுப்புச் சட்டம் போட்ட தடித்த மூக்குக்கண்ணாடி அவர் முகத்தில் பாதியை மூடியிருந்தது. அதன் காதுக்கம்பிகள் தலைத்துணிக்கு மேலே கிடந்தன. கண்ணாடியோடு படுக்கவைத்துத் துணி கட்டியிருந்தால் கம்பி துணிக்கு அடியில் அல்லவா போயிருக்கும்?

அவள் டமாரிஸின் போனை வாங்கிப் படங்களைப் பார்த்தாள். சனிக்கிழமை வந்த உறவினர்கள் லாயுக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் கண்ணாடி இல்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தது. ஞாயிறு மாலை ஜெபத்தில் எடுத்த படத்தில் கண்ணாடி மூக்கில் இருந்தது.

“கண்ணாடியை யார் போட்டுவிட்டது?”

“யூனுஸ்னு நெனச்சேன்,” என்றாள் டமாரிஸ்.

“நான் அக்கான்னு நெனச்சேன்,” என்றான் யூனுஸ்.

தாபிதா கணவனின் காப்பிக் கோப்பையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ரோசினா, தான் கொண்டுவந்திருந்த டேப்லெட்டை எடுத்து லாயுக்கின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மூடிய கண்ணைப் பற்றி அதற்குக் கவலையில்லை. செய்திப் பெட்டி திறந்துகொண்டது. கண்ணாடியை மெல்லக் கழற்றிவிட்டு மறுபடி பிடித்தாள். திறக்கவில்லை. மாட்டினாள். திறந்தது.

“பூட்டு கத்துக்கிட்டது அவர் மொகத்தைவிட இந்தக் கண்ணாடிச் சட்டத்தைத்தான்,” என்றாள் ரோசினா. “வைரஸ் இல்ல. மெல்கி இல்ல. ஞாயித்துக்கெழம காலையில யாரோ அம்பேக்குக் கண்ணாடி மாட்டி டேப்லெட்டைக் காட்டியிருக்காங்க. அவங்களுக்கு எருமை வேணாம், பணம் வேணாம். ஒரு வருஷம் மட்டும் வேணும். உங்க ரெண்டு பேருக்கும் சடங்கு சீக்கிரம் முடியணும். முடியவே வேணாம்னு நெனைக்கிற ஆள் இந்த வீட்டுல ஒருத்தர்தான்.” தாபிதாவின் பக்கம் திரும்பினாள். “இந்தோ, அம்மா, நீங்கதானே?”

தாபிதா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“கண்ணாடி இல்லாம அது என்னைக்குமே அவரை மதிச்சதில்ல,” என்றாள். “தெனமும் அதுக்கூடச் சண்டை போடுவாரு. ‘என் மொகம் ஒனக்குத் தெரியலையா’ன்னு திட்டுவாரு. இந்தப் புள்ளைக எடுத்துக் காட்டுனப்ப கண்ணாடியை யாரும் நெனைக்கல. நான் சொல்லல.”

“அம்மா...” என்றான் யூனுஸ்.

“தலையைத் திருப்பிட்டா அப்புறம் யாருக்குடா காப்பி போடுவேன்?”

யூனுஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வெறும் தறியில் கோழி ஏறி உட்கார்ந்திருந்தது.

“அந்தப் பையன் உள்ள இருக்கான், இந்தோ,” என்றாள் ரோசினா. “பொண்டாட்டிக்கு இது மாசம்.”

“அவனைப் பிடிப்பீங்கன்னு நெனைக்கல. பிடிச்சதும் சொல்லியிருக்கணும். வாய் வரல.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நானே வந்து சொல்றேன். அவ காதுலயும் விழணும்.”

யூனுஸ் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். நாபாவிடமிருந்து எருமையைக் கொண்டுவர லாரியோடு தானே போவதாகவும் சொன்னான். எப்போது என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது ரோசினா அறை வாசலில் நின்றாள். “அனுப்பினதும் கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் விட்டீங்க?”

தாபிதா குனிந்து, கம்பிகளைத் தலைத்துணிக்கு அடியில் ஒழுங்காகச் செருகிவிட்டாள்.

“மாட்டினதும் அவராட்டமே இருந்தாரு,” என்றாள். “கழட்ட மனசு வரல.”