தன் கல்லறைக்குப் பூ வைத்தவள்

பொழுது விடிந்ததுமே சமையலறை மேசையை ரஸ்ஸலின் தேர்தல் பலகைகள் பிடித்துக்கொண்டிருந்தன. 'ஹால்வர்சன், நம்மில் ஒருவர்' என்று வெள்ளைப் பலகையில் நீல எழுத்து. ஹெலன் அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு, கேரட் துருவ இடம் பண்ணிக்கொண்டாள். சர்ச்சின் அறுவடை விருந்துக்கு அந்த வீட்டிலிருந்து வருடா வருடம் போவது பச்சை ஜெல்லி. உள்ளே துருவிய கேரட் இருக்கும். பாத்திரம் தவறாமல் வீடு திரும்ப வேண்டுமே என்று அடியில் நாடா ஒட்டிப் பெயர் எழுதியிருந்தாள்.

மாட்டுக்கொட்டகையிலிருந்து ரஸ்ஸல் உள்ளே வந்தான். பூட்ஸைக் கழற்றவில்லை. அதிலிருந்தே கோபம் தெரிந்தது.

"ஜூடித் இன்னிக்கு வர்றாளாமே. கோனி சொன்னா. என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையா மா?"

"சொன்னா நீ என்ன செய்வேன்னு தெரியும். அதான் சொல்லல."

"என்ன செய்வேன்? சிகாகோ பேராசிரியை வர்றாங்கன்னு சிவப்புக் கம்பளம் விரிப்பேன்." காபியை ஊற்றிக்கொண்டான். "அப்பா சாவுக்கு வர நேரமில்ல. விருந்துக்கு மட்டும் நேரம் கிடைச்சிடுச்சு."

அவன் மனைவி கோனி பாத்திரம் துடைத்துக்கொண்டே, "விடுங்களேன்... காலங்காத்தால," என்றாள்.

"எப்படி விடறது? இன்னிக்கு விருந்துல நான் பேசணும். எதிர்த்து நிக்கிறது யாரு? காலேஜ் டவுன் வக்கீல். ரெண்டு வருஷம் முன்ன இங்க வீடு வாங்கினவ. நாலு தலைமுறையா அந்தக் கல்லறை மேட்டுல புதைச்சிருக்கற குடும்பம் எங்களுது. அந்த மாதிரி ஆளுங்கதான் நெஜ அமெரிக்கனுங்க. மத்தவங்க வந்து போறவங்க."

ஹெலன் துருவுவதை நிறுத்தினாள். "அப்படின்னா நான் யாருடா?"

"நீ வேற மா."

"எப்படி வேற? எங்க அப்பா அம்மா எந்த மேட்டுல கிடக்கறாங்க?"

அவன் சிரித்துவிட்டான். "நீ எங்கள்ல ஒருத்தி. உன்னை யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

இப்போது யாரும் சொல்வதில்லைதான். ரஷ்ய டாங்கிகள் அவள் பிறந்த ஊரான புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்த குளிர்காலத்தில், ஏழு வயது இலோனாவை ஒரு மாமாவோடு இந்த ஊர் சர்ச் வரவழைத்துக்கொண்டது. சர்ச்சின் அடித்தளக் கூடத்தில்தான் முதல் சாப்பாடு. தட்டில் பச்சையாக ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அது உயிரோடிருக்கிறது என்று அழுதாள். பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கரண்டியைத் தான் சாப்பிட்டுக் காட்டினாள். பள்ளியில் சேர்த்தபோது பெயர் ஹெலனாயிற்று. மெர்வின் ஹால்வர்சனுக்கு வாழ்க்கைப்பட்டபோது மாமியார், "இந்த வீட்டுல அமெரிக்கப் பேச்சு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூட அவள் தன் மொழியில் பாடியதில்லை. இந்தப் பிள்ளைக்கு அது எதுவும் நினைவில் இல்லை என்பது அவளுக்கு வலித்தது. அப்படி மறக்கும்படி நடந்துகொண்டவளும் தான்தானே என்பது இன்னும் வலித்தது.

பிற்பகலில் மகள் ஜூடித் வந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். ஹெலன் போய் மறுபக்கக் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வந்துட்டியே... அதுவே போதும்."

"இன்னிக்கு மேட்டுக்குப் போயிடலாம்மா. விருந்துக்கு முன்னாடியே. அப்புறம்னா எனக்குத் தைரியம் வராது."

"விருந்து முடியட்டும். ரஸ்ஸலும் வரட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவையாவது அந்தக் கல்லு முன்னாடி சேர்ந்து நிக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

ஜூடித்தின் கண்கள் நிறைந்தன.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மார்ச் மாதம் மெர்வின் இறந்த அதே வாரத்தில்தான், சிகாகோ மருத்துவமனை ஒன்றில் ஜூடித்துக்கு ஏழு மாதத்தில் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யார்கிட்டயும் சொல்லாதே மா. வேலை இருக்கு, வரமுடியலன்னு சொல்லு. முக்கியமா ரஸ்ஸல்கிட்ட சொல்லாதே."

ஏன் என்று ஹெலன் கேட்கவில்லை. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் முன் நடந்த நன்றி நாள் விருந்தில் அவளும் மேசையில் இருந்தாளே. வான்கோழியை வெட்டும் முன்பே அரசியல் தொடங்கிவிட்டது. "உங்க ஊர்ல படிக்காம இருக்கறதுகூட ஒரு பெருமை," என்றாள் ஜூடித். "உங்க ஊர்ல பிள்ளை பெத்துக்கறதுகூட கேவலம். பட்டமும் பதவியும் போதும் உங்களுக்கு," என்றான் ரஸ்ஸல். ஜூடித் மேசையை விட்டு எழுந்துபோனாள். இரண்டாவது கரு கலைந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவனுக்கு அது தெரியாது.

அந்த மே மாதம் ஹெலன் பேருந்தில் சிகாகோ போய், சிறிய சாம்பல் கலசம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். மெர்வினின் கல்லில், இந்தப் பக்கத்து வழக்கப்படி, அவள் பெயரையும் சேர்த்தே வெட்டியிருந்தார்கள். பெயர், பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அதன் பிறகு வெறுமை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓர்வில் அவள் பெயர் இருந்த பக்கத்தில் மண்ணைத் தோண்டித் தந்தார். எதுவும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து ஹெலன் மேட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பூ வைத்தாள். ஊரில் அது வேடிக்கைப் பேச்சாயிற்று. 'ஹெலன் இப்பவே தன் கல்லறைக்குப் பூ வைக்கிறா. அப்புறம் நாம மறந்துடுவோம்னு பயம்.' அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

அன்று மாலை சர்ச்சின் அடித்தளக் கூடம் நிறைந்திருந்தது. பன்றித்தொடை இறைச்சியும் உருளைக்கிழங்கு மசியலும் மணந்தன. ஜூடித்தைப் பார்த்தவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, மறுபடி தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும், "எங்க சாப்பாடெல்லாம் உனக்கு இன்னும் இறங்குதா?" என்று கேட்டார். "ஜெல்லி மட்டும் அப்பவே இறங்கினதில்லை," என்றாள் ஜூடித். அந்த மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஹெலனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

காபி வந்ததும் ரஸ்ஸல் மைக்கைப் பிடித்தான். பால் விலை, உடைந்த பாலம், மூடப்போகும் பள்ளி என்று நன்றாகத்தான் ஆரம்பித்தான். கைதட்டல் கூடக்கூட, குரலும் ஏறியது.

"எங்க அம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். எங்க அப்பா கல்லுல தன் பேர் இருக்கற பக்கத்துக்கு இப்பவே பூ வைக்கிறாங்க." கூடம் சிரித்தது. "சிரிங்க. நானும் சிரிச்சிருக்கேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த மண்ணுலதான் கலக்கப்போறோம்னு தெரிஞ்சு, உயிரோட இருக்கறப்பவே அதுக்குப் பூ வைக்கிற மனசு... அதுக்குப் பேருதான் அமெரிக்கா. நேத்து வந்தவங்களுக்கு இது புரியாது. நம்மளைப் பத்திப் புத்தகம் எழுதறவங்களுக்கும் புரியாது. பெத்த அப்பனுக்கு மண்ணு போடக்கூட நேரம் ஒதுக்காதவங்க இருக்காங்க. நான் யார் பேரையும் சொல்லல."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. ஜூடித்தின் முகம் மேசை விரிப்பைப் போல வெளுத்திருந்தது.

ஹெலன் எழுந்தாள். இத்தனை வருடங்களில் அந்தக் கூடத்தில் அவள் பரிமாறியிருக்கிறாள், கழுவியிருக்கிறாள். எழுந்து நின்று பேசியதில்லை.

"ரஸ்ஸல், போதும். அவளை வரவேண்டாம்னு சொன்னது நான்."

"மா, உக்காரு..."

"நான்தான் சொன்னேன். கிளம்பறேன்னுதான் சொன்னா. நான்தான் தடுத்தேன். யாரையாவது குத்தம் சொல்லணும்னா என்னைச் சொல்லு."

பக்கத்தில் இருந்த பெண்ணொருத்தி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டதை ஹெலன் பார்த்தாள். ரஸ்ஸல் மைக்கை இறக்கினான். அது இல்லாமலே குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நீயா? கடைசி ரெண்டு நாளும் அப்பா வாசலையே பார்த்துக்கிட்டு அவ பேரைச் சொன்னாரே, நீ பக்கத்துலதானே இருந்தே? எப்படி மா மனசு வந்துச்சு உனக்கு?"

"வந்துச்சு," என்றாள் ஹெலன். அதற்கு மேல் அவளுக்குப் பொய் வரவில்லை.

"அம்மா சொல்றது பொய்."

ஜூடித் எழுந்து நின்றாள். மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"அம்மா யாரையும் தடுக்கல. நான் ஆஸ்பத்திரில இருந்தேன், ரஸ்ஸல். எழுந்து நடக்கக்கூட முடியல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நீ சொல்ற அந்தப் பூ..." நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "அந்தப் பூ அம்மாவுக்கு இல்ல. அங்க என் பொண்ணு இருக்கா. தன் இடத்தை அம்மா அவளுக்குக் குடுத்துட்டாங்க."

கடைசி மேசையில் ஓர்வில் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்துத்தான் ஊர் நம்பியது.

ஹெலன் மகளின் கோட்டை எடுத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வெளியே நடத்திப் போனாள்.

மேட்டில் காற்று குளிர்ந்திருந்தது. சூரியன் சோளத்தட்டைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். கல்லின் முன் ஜூடித் முதலில் நின்றாள், பிறகு மண்டியிட்டாள், பிறகு முகத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு அழுதாள். ஹெலன் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். அது தன் தாய்மொழித் தாலாட்டு என்பது அவளுக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

கீழே ஒரு வண்டி வந்து நின்றது. ரஸ்ஸல் தனியாக ஏறி வந்தான். சட்டையில் குத்தியிருந்த தேர்தல் வில்லையைக் காணோம். சற்றுத் தள்ளியே நின்றான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றான். அவனுக்கே அது சரியாகப் படவில்லை. "இல்ல... எப்படிச் சொல்லியிருப்பே? அன்னிக்கு மேசையில நான் பேசின பேச்சுக்கு..."

"நானும்தான் பேசினேன்," என்றாள் ஜூடித், நிமிராமலே. பிறகு, "அப்பா நெஜமாவே என்னைக் கேட்டாரா?"

ரஸ்ஸல் கல்லைப் பார்த்தபடியே சொன்னான்.

"கேட்டார். ஆனா நான் அங்க சொன்ன மாதிரி இல்ல. ஏன் வரலன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. 'சிகாகோ ரோடெல்லாம் பனியா இருக்குமே, ஜூடித்தை மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லு'ன்னார். அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தார். நான் உன்கிட்ட சொல்லல. ரெண்டு வருஷமா... சொல்லக்கூடாதுன்னே வெச்சிருந்தேன்."

ஜூடித்திடமிருந்து வந்த ஒலியை ஹெலன் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், தொலைபேசியில், கேட்டிருக்கிறாள். ரஸ்ஸல் இரண்டே எட்டில் வந்து தங்கையை அப்படியே அணைத்துக்கொண்டான். அவனும் அழுதான். அப்பாவைப் புதைத்த அன்று அழாதவன்.

"பேர் வெச்சியா?"

"இலோனா."

ரஸ்ஸல் தாயைத் திரும்பிப் பார்த்தான். தெரிந்த முகத்தில் தெரியாத யாரையோ பார்ப்பதைப் போலப் பார்த்தான். "அது உன் பேரு இல்லையா, மா?"

"இருந்துச்சு," என்றாள் ஹெலன்.

இருட்டத் தொடங்கியதும் மூவரும் இறங்கினார்கள். வண்டி அருகே வந்ததும் ரஸ்ஸல் தயங்கினான்.

"வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்துல இன்னொரு கூட்டம் இருக்கு. இனிமே நான் என்னத்தைப் பேசறது?"

"பாலத்தைப் பத்திப் பேசு. பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசு. அதெல்லாம் நல்லாத்தான் பேசறே," என்றாள் ஹெலன். "யாரு இந்த ஊர்க்காரங்க, யாரு இல்லைங்கறதை மட்டும் நீ எடுக்காதே."

அவன் தலையாட்டினான். பிறகு எதையோ மறந்துவிட்டவனைப் போல, மங்கிய வெளிச்சத்தில் தனியாக மேட்டை நோக்கித் திரும்பி நடந்தான். ஹெலனும் ஜூடித்தும் வண்டியின் அருகிலேயே நின்று பார்த்தார்கள். அவன் தந்தையின் பக்கத்தில் ஹெலன் வைத்திருந்த மஞ்சள் பூ ஒன்றை எடுத்து, குழந்தை இருந்த அந்தச் சின்ன இடத்தில் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.