தோள் அசைந்தால் அழுத்தவும்

ஹெட்போனின் மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுப் போன சூடு. "இன்னைக்கு நீங்கதான் மொத ஆள், மேடம்" என்று பரிசோதகர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். காது பார்க்க வந்த இடத்தில் மெத்தைச் சூட்டைப் பற்றிப் பேசினால் அடுத்து எந்த டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

துணி அலமாரியைவிடக் கொஞ்சம்தான் பெரிய அறை. நான்கு சுவரிலும் மேடும் பள்ளமுமாகச் சாம்பல் நிறப் பஞ்சு, காலடியில் கார்ப்பெட், அதிலிருந்து கிளம்பும் பசை வாடை, அதற்கும் அடியில் பலபேர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியின் பழைய வியர்வை வாடை. கனத்த கதவைச் சாத்தியதும் தெரு, படிக்கட்டு, மின்விசிறி எல்லாம் ஒரேயடியாக அறுந்துபோயின. எதிரே கையகலக் கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் பரிசோதகர், அவர் முன்னால் இயந்திரம். அவள் கையில் வயர் நுனியில் தொங்கும் ஒரு பட்டன்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க" என்றது ஹெட்போனுக்குள் அவர் குரல். "ரொம்ப லேசா கேட்டாலும் அழுத்துங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க. இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாது."

அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். அவளுக்கு இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவள் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸ். மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு மார்பைத் தூக்கித் தூக்கி மூச்சுவிடும் பிள்ளைகள். ஆறு பெட்டி. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு இயந்திரம். மூச்சு நின்றால் அதில் சிவப்பு விளக்கு எரியும், கீச்சென்று கத்தும். மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டாவது பெட்டி கத்தியிருக்கிறது. அவள் நாலடி தள்ளி முதுகைக் காட்டி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் சின்னவள் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து குழந்தையின் பாதத்தைச் சுண்டியிராவிட்டால்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. "கவனிக்கலடீ" என்று சமாளித்துவிட்டாள். சின்னவளும் நம்பிவிட்டாள். அவ்வளவு நல்ல பெண்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வருடாந்திரப் பரிசோதனை. அதில் காது போனது தெரிந்தால் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கத் தூசி தட்ட வேண்டியதுதான். அதனால்தான் காதும் காதும் வைத்தாற்போல, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல், இந்த மாடிக்கு ஏறி வந்திருந்தாள்.

வலது காதில் ஆரம்பத்தில் நன்றாகவே கேட்டது. கனமான சத்தங்கள். பூம். பூம். அழுத்தினாள். பிறகு அவை மெலிந்து, உயர்ந்து, ஓர் இடத்தில் இல்லாமல் போயின. சத்தம் இடது காதுக்கு மாறியது. அங்கேயும் கனமான சத்தங்களுக்குப் பிறகு எதுவுமே இல்லை. பரிசோதகர் எதையோ அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் அந்தப் பொறுமை தெரிந்தது.

அப்போதுதான் பார்த்தாள். அவர் கை இயந்திரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் வலது தோள் ஒரு நூல் அளவு ஏறி இறங்கியது.

தோள் ஏறியது. அழுத்தினாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதில்லை. ஆனாலும் கண்கொத்திப் பாம்பாக அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது, அழுத்தினாள். ஏறியது, அழுத்தினாள். இடையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் குறைந்தது. பரவாயில்லை, தோள் தெரிந்தது. முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. முன்னைவிடப் பக்கத்தில் இருந்தது. அது வேகமாக ஏறத் தொடங்கியதும் அவளும் வேகமாக அழுத்தினாள். கட்டைவிரல் வலித்தது.

கதவு திறந்தது. வாசலில் பரிசோதகர், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு.

"வாங்க மேடம், வெளிய உக்காந்து பேசலாம்."

ஒரு வரைபடத்தை அவள் முன்னால் வைத்தார். சிவப்புக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று. இரண்டும் சமமாகப் போய்ப் பாதியில் மாடிப்படி மாதிரி கீழே இறங்கின. "இது கனமான சத்தம், இந்தப் பக்கம் போகப் போக கீச்சுச் சத்தம். அதுதான் மொதல்ல போகும். ஆள் பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு பிடிபடாது. உள்காதுல மயிரிழை மாதிரி இருக்கும், மேடம். அது ஒருதடவை போச்சுன்னா மறுபடி முளைக்காது. ரெண்டு காதுக்கும் மிஷின் வச்சா நல்லாவே சமாளிக்கலாம். என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல" என்றாள்.

"எங்க வேலை பாத்தாலும் அங்க சொல்லிடுங்க. மறைக்காதீங்க."

"இடது காதுல நான் எல்லாத்துக்கும் சரியாத்தானே சார் அழுத்தினேன்?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "என் தோளைப் பாத்தீங்க. நெறைய பேர் அப்படித்தான் பண்ணுவாங்க, அதுக்கு நாங்களும் ஒண்ணு வச்சிருக்கோம். சத்தமே அனுப்பாம தோளை மட்டும் தூக்குவோம். பத்து தடவை தூக்கினேன். பத்துக்கும் அழுத்தினீங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டதில் அவள் முகம் சுருங்கியது. ஆனால் அவர் சிரிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. இயந்திரத்திலிருந்து வந்த நீளச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணுதான் புரியல. அப்புறம் பேப்பர் தீந்துடுச்சுன்னு லைட்டை அணைச்சுட்டு கீழ போனேன். மூணு நிமிஷம் அந்த ரூம்ல யாருமே இல்ல. அப்ப நீங்க நாப்பது தடவை அழுத்தியிருக்கீங்க." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "யாரைப் பாத்து அழுத்தினீங்க?"

அவள் திரும்பி அந்தக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் விளக்கு அணைந்தால் ஜன்னல் என்ன காட்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தைத்தான் காட்டும். நாற்காலியை. அவளை. அவளுக்குப் பின்னால் இருந்ததை.

வீட்டுக்குப் போகும் வழியில் வரைபடத்தை எட்டாகக் கிழித்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறை இதைவிடப் பெரியது. அங்கேயும் கண்ணாடி. பரிசோதித்த பெண் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஏமாற்ற வழியே இல்லை. போச்சு, அவ்வளவுதான் என்று அவள் கண்ணாடியைப் பார்த்தபோது, தன் தலைக்கு மேலே, கொஞ்சம் பின்னால், ஒரு தோள் தெரிந்தது. முகம் கண்ணாடியின் விளிம்புக்கு மேலே போய்விட்டிருந்தது. அவ்வளவு உயரம்.

எழுந்து ஓடியிருக்கலாம். ரெக்கார்டு ரூமை நினைத்தாள். ஆறு பெட்டிகளை நினைத்தாள்.

தோள் ஏறியது. அழுத்தினாள்.

"ரொம்ப நல்ல காது, சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண். "சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட இப்படி இருக்காது."

அதற்குப் பிறகு வார்டில் அது இல்லாத நாள் இல்லை. மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் இருக்கும். பால் கலக்கும் அறையின் தொட்டிக்கு மேலிருந்த ஜன்னலில் இருக்கும். முதல் இரண்டு நாள் பயந்தாள். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கண்ணாடியில் மட்டும் இருக்கும். தோள் ஏறும். அவள் ஓடுவாள். போனால் ஏதோ ஒரு பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு தடவைகூட அது பொய் சொன்னதில்லை. சில சமயம் விளக்கு எரிவதற்கு முன்பே தோள் ஏறிவிடும்.

"அக்கா, உங்களுக்கு முதுகுலயும் காது இருக்கா?" என்று சின்னவள் ஒருநாள் அவள் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள். அவள் சிரித்தாள். பெருமையாகக்கூட இருந்தது. அந்த மாதம் ஒரு பிள்ளையும் போகவில்லை. மெல்ல மெல்ல அவள் பெட்டிகளைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எதற்கு? பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

அன்று சாயங்காலம் மழை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சின்னவள் மருந்து வாங்க மாடிக்குப் போயிருந்தாள். ஆறு பெட்டிகளையும் விட்டு அவள் பால் அறைக்குள் வந்து, கதவைத் திறந்தே வைத்துவிட்டு, தொட்டியில் புட்டிகளைக் கழுவத் தொடங்கினாள். வெந்நீரின் ஆவி, சோப்பு வாடை, விரலிடுக்கில் வழுக்கும் ரப்பர். தண்ணீர் விழும் சத்தம்கூட இப்போது அவளுக்குக் கேட்பதில்லை. கையில் சூடு பட்டால்தான் குழாய் திறந்திருப்பது தெரியும்.

ஜன்னலில் பார்த்தாள். இருந்தது. தோள் அசையவில்லை.

நல்லது. ஒரு புட்டி. இரண்டு புட்டி.

பார்த்தாள். அசையவில்லை.

ஆவி படிந்து ஜன்னல் மங்கியது. அவள் தலைக்குப் பின்னால் ஏதோ வெளிச்சம். போகட்டும். அது அசைந்தால் போதும், ஓடிவிடலாம். அது அசையவில்லை. மூன்றாவது புட்டி. நிதானமாக. நான்காவது.

காலடியில் தரை அதிர்ந்தது. யாரோ ஓடுகிறார்கள்.

திரும்பினாள். சின்னவள். வாய் முழுதாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. முதல் பெட்டியிலிருந்து மூன்றாவதுக்கு ஓடினாள். மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்கு. எதன் முன்னால் நிற்பதென்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டாள்.

அவள் மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பி, புறங்கையால் ஜன்னலின் ஆவியைத் துடைத்தாள்.

ஆறு சிவப்பு விளக்குகள். ஆறும் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே அது நின்றது. இந்த முறை குனிந்து, முகம் கண்ணாடிக்குள் வரும்படி குனிந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தோள் மட்டும் அசையவேயில்லை.