கழுத்தைப் பிடித்த கோட்டு

பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் ஒரு சிவப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விறைப்பான, உயரமான காலர். தூரத்திலிருந்து பார்த்தால், தலையில்லாத ஒருவர் சுவரைப் பார்த்து நிற்பதுபோல இருக்கும்.

பேண்டு அணியின் தலைவன்தான் அதைப் போடவேண்டும். இந்த வருஷத் தலைவன் சிட்டு. ஆள் சின்னவன், கோல் சுழற்றுவதில் கில்லாடி.

முதல் ஒத்திகை அன்று மைதானம் முழுக்கப் பனிமூட்டம். எல்லோரும் வேகநடை போட்டு மேடையருகே வந்தார்கள். மேடைக்கு வணக்கம் வைக்க, "வலது பக்கம் பார்!" என்று கத்தினார் பேண்டு மாஸ்டர். சிட்டு தலையைத் திருப்பினான். மூட்டை சரிவதுபோலச் சரிந்தான்.

கண் விழித்ததும், "யாரோ என் கழுத்தைப் பிடிச்சாங்க" என்றான்.

மறுநாளும் அதே இடத்தில் விழுந்தான்.

"முன்னாடி அந்தக் கோட்டைப் போட்டவர் செத்துப்போயிட்டாராம். ஆனா கோட்டை விட்டு இன்னும் போகலையாம்" என்று ஒருவன் கிசுகிசுத்தான். அதற்குப் பிறகு சிட்டுவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"நாளைக்கும் விழுந்தா வேற ஆளைத்தான் போடணும்" என்றார் பேண்டு மாஸ்டர்.

பெரிய மேளம் அடிக்கும் பெண்ணுக்குப் பேச்சும் மேளம் மாதிரிதான். அதனால் அவள் பெயரே டமாரம் ஆகிவிட்டது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"நிக்கும்போது பிடிக்கல, நடக்கும்போதும் பிடிக்கல. திரும்பினா மட்டும் பிடிக்குதுன்னா, அது என்ன பேய்டா? குடு, நான் போட்டுப் பாக்குறேன்."

"வேணாம், டமாரம்!" என்றான் சிட்டு.

பள்ளி விட்டு மற்ற பிள்ளைகள் எல்லோரும் போயிருந்தார்கள். சிட்டு சாமான் அறை வாசலில் நகம் கடித்தபடி நின்றான். கோட்டு சில்லென்று இருந்தது. டமாரம் காலர் கொக்கியை மாட்டிக்கொண்டு, நீளமான வராந்தாவில் விறுவிறுவென்று நடந்தாள். அவளுடைய காலடிச் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோல எதிரொலித்தது. இதயம் திடுதிடுவென்று அடித்தது.

தலையை வலது பக்கம் திருப்பினாள்.

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல்கள் அழுத்தின. ஜன்னல் வெளிச்சம் சுருங்கிச் சுருங்கிப் பொட்டளவு ஆனது. அதைவிடப் பயங்கரம், அதுவரை பாய்ந்து ஓடிய இதயம் டும்... டும்... என்று தயங்கியது. யாரோ உள்ளிருந்து "நில்" என்று சொன்னதுபோல.

தொப்பென்று உட்கார்ந்து கொக்கியைக் கழற்றினாள். வெளிச்சம் திரும்பி வந்தது. பின்னால் யாருமில்லை.

காலரை உள்பக்கம் தடவினாள். துணிக்குள் இரண்டு கெட்டித் தகடுகள்! கோட்டைச் சிட்டுவுக்கு மாட்டி, காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். நுழையவே இல்லை.

"டேய், பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. காலர்தான் கழுத்தைப் பிடிக்குது!"

இன்னும் கிளம்பாமல் இருந்த பள்ளி நர்ஸ் அக்கா, அவர்கள் கொண்டுபோய்க் காட்டிய காலரைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"கழுத்து ரத்தக்குழாய்ல ரெண்டு பக்கமும் ஒரு காவல் இருக்கு. ரத்தம் எவ்வளவு பலமா அழுத்துதுன்னு மூளைக்குச் சொல்லிட்டே இருக்கும். ஓடும்போது அழுத்தம் கொஞ்சம் ஏறத்தான் வேணும், அதனால மூளை விட்டுக்கொடுக்கும். தலையைத் திருப்பும்போது வெளியில இருந்து தகடு அமுக்கினா காவல் ஏமாந்துடும். ரொம்ப ஏறிடுச்சுன்னு நினைச்சு இதயத்தை அடக்கிடும். தலைக்கு ரத்தம் பத்தாம ஆள் விழுவான். இனிமே யாரும் அங்க அமுக்கிப் பாக்கக்கூடாது. உன்னையும்தான் சொல்றேன், டமாரம்!"

சிட்டு மெதுவாகக் கேட்டான்: "நான் தூங்கும்போது அந்தக் காவல்?"

"முழிச்சுக்கிட்டு இருக்கும்."

இருவருக்கும் முதுகு சிலிர்த்தது.

அன்று மாலையே நர்ஸ் அக்கா தகடுகளைப் பிரித்தெடுத்து, கொக்கியைத் தள்ளித் தைத்துக் கொடுத்தார்.

மறுநாளும் பனிமூட்டம். மேடை நெருங்கியது. மேளத்தைத் தவிர ஒரு சத்தமில்லை.

"வலது பக்கம் பார்!"

சிட்டு தலையைத் திருப்பினான். கோல் பனிக்குள் பறந்து, சுழன்று, அவன் கைக்கே திரும்பியது. சிவப்புக் கோட்டு நிமிர்ந்து நடந்து போய்க்கொண்டே இருந்தது.

அவனைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்ற பேண்டு மாஸ்டர், அணிக்குப் பதில் வணக்கம் வைக்கவே மறந்துபோனார்.