‘இல்லை’ என்று சொல்ல ஓர் ஆள்

வினோதினி கண் விழித்தது சத்தம் கேட்டு அல்ல, கேட்க வேண்டிய சத்தம் கேட்காமல் போனதால். பின்னறையில் மாமனார் பேசவில்லை. விளக்கணைத்த பிறகு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கரகரத்த குரல், சில மாதங்களாக அவளைப் பாதித் தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்து, மறுநாள் வேலை செய்யும் இடத்தில் நின்றபடியே கண்ணயர வைத்த குரல், இன்று இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மகள் எழிலரசி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். ஜன்னல் வழியே உப்பனாற்றுச் சேற்று வாடையும், அதற்குள் கலந்து தெற்கே தொழிற்பேட்டையிலிருந்து வரும் இனிப்பான மருந்து வாடையும் வந்துகொண்டிருந்தன. அவருக்குப் பாலில் கலந்து கொடுத்த தூக்கச் சூரணம் வேலை செய்கிறது என்று நினைத்தாள். அப்பாடா என்று புரண்டு படுத்தாள்.

அப்போது கொல்லைக் கதவுக்கு வெளியே யாரோ செருமினார்கள்.

அடுத்த வீட்டுக்குள் நுழையுமுன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆண்பிள்ளைகள் தொண்டையைக் கனைப்பார்களே, அப்படி ஒரு செருமல். மரியாதையான செருமல்தான். பிறகு கொஞ்சம் காத்திருப்பு. பிறகு இன்னொரு தடவை. ஆற்றோரம் வலை போட வந்தவன் எவனோ குடித்துவிட்டு நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டு, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்தித் தூங்கிப்போனாள்.

மாமனார் தட்சிணாமூர்த்தி சேத்தியாத்தோப்புப் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு அவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. தனியே விடக் கூடாது என்று வினோதினி அவரைக் கடலூர் முதுநகருக்குத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். பகலில் அவரால் ஒரு தொல்லையும் கிடையாது. பேத்தியோடு கேரம் ஆடி வேண்டுமென்றே தோற்பார். நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். விளக்கை அணைத்த பிறகுதான் வம்பு. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்.

“இல்ல... அவ இல்ல. ஊருக்குப் போயிருக்கா. கொழந்தையும் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன். அப்பறம் வா.”

சற்று நிறுத்துவார். எதையோ கேட்டுக்கொள்வதுபோல் தலையைச் சாய்ப்பார். “இல்லன்னு சொல்றேன்ல,” என்பார் மறுபடி.

அவளுக்கு வயிறு எரியும். சோறு வடித்துப் போட்டு, வேட்டி துவைத்துப் போட்டு, மருந்து மாத்திரை பார்த்துக் கொடுக்கிறவள் இருக்கும்போதே இல்லை என்கிறாரே. ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டாள், நான் இங்கேதானே நிற்கிறேன் மாமா, ஏன் இல்லை இல்லை என்கிறீர்கள் என்று. அவர் பதறிப்போய் எழுந்து அவள் வாயைப் பொத்தினார். அந்தக் கை நடுங்கியதையும் அவள் நோயின் கணக்கில்தான் சேர்த்தாள்.

கணவன் கார்த்திகேசன் மஸ்கட்டில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட, வேறு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தான். வீடு ஓடுவது வினோதினியின் வேலையில். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில், வரும் சரக்கின் மாதிரியை எடுத்துச் சோதித்துச் சரி என்றோ தவறு என்றோ எழுதுகிற வேலை அது. அங்கே தூங்கி வழிந்தால் தலை போகும், வேறு யாராவது ஒருவருடைய தலை. போன மாதம் அமிலக் குடுவையைக் கை நழுவ விட்டாள். மேலாளர் ராபர்ட் நல்ல மனிதர், திட்டவில்லை. அடுத்த முறை நடந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று மட்டும் சொன்னார். தணிக்கைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், அதுவரை கண்ணைத் திறந்து வைத்திரு என்றும் சொன்னார். அவளுக்குத் தேவையாக இருந்தது தூக்கம், வேறொன்றும் இல்லை.

சிதம்பரத்தில் அக்கா அமராவதி நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழவீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வினோதினி தூக்கச் சூரணம் வாங்கினாள். அமுக்கராவும் சடாமாஞ்சிலும் சாதிக்காயும் சேர்த்து அரைத்தது. கடைக்காரர் தில்லைநாதன் பொட்டலம் மடிக்குமுன் விசாரித்தார். யாருக்கு, வயது என்ன, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டீர்களா. மாமனாருக்குத்தான், வேறு மாத்திரை எதுவும் இல்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். மூலிகைதானே, அதற்கு இத்தனை கேள்வியா என்று எரிச்சலாக இருந்தது. அரை ஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள் என்று அவர் சொன்னதைக்கூடப் படியிறங்கிக்கொண்டேதான் கேட்டாள். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

முதலில் அரை ஸ்பூன்தான் பாலில் கலக்கினாள். பிறகு அது குவித்த ஸ்பூன் ஆனது. மாமனார் அடித்துப்போட்டதுபோல் கிடந்தார். அவள் தூங்கினாள், நன்றாகவே தூங்கினாள், முகம் தெளிந்துவிட்டது என்று சோதனைக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். அந்தச் செருமல் மட்டும் இருந்தது. கொல்லைக் கதவுக்கு வெளியே தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்த அது, ஓர் இரவு கதவை ஒட்டியே கேட்டது. ஒரு காலையில் அடுக்களைத் தரை ஈரமாக இருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று துணி போட்டுத் துடைத்தாள். பிழிந்த துணியில் ஆற்றுச் சேறு நாறியது. குழாய் ஒழுகவில்லை. அதற்கடுத்த இரவு செருமல் அடுக்களைக்குள்ளிருந்து வந்தது, பாத்திரங்களுக்கு நடுவே நின்று ஒருவர் தொண்டையைச் சரி செய்துகொள்கிற மாதிரி, தெளிவாக. எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். யாரும் இல்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. மாடியில் வீட்டுக்காரம்மா புஷ்பவள்ளி இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். அந்த அம்மாள் அறுவடைக்கென்று குமராட்சி போய், மேல் வீடு பூட்டிக் கிடந்தது.

மாமனார் இப்போது பகலிலும் பேசுவது குறைந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு அவளையே பார்ப்பார். பால் டம்ளரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“பால் வேணாம்மா,” என்றார் ஒருநாள் சாயங்காலம், நாக்குக் குழற. “நான் முழிச்சிக்கினு இருக்கணும்.”

வயசானால் குழந்தைதான் என்று சிரித்துக்கொண்டே, தலையைத் தாங்கிப் பிடித்து, வாயில் வைத்துக் குடிக்க வைத்தாள். கடைசி மடக்கு வரை.

மறுநாள் காலையில் அவரை எழுப்ப முடியவில்லை. தொண்டைக்குள் எச்சில் கரகரக்க, மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது. ஆம்புலன்ஸில் போட்டுச் சிதம்பரத்துக்கு, அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு ஓடினார்கள். ஏற்கெனவே போடும் நரம்பு மாத்திரையே தூக்கத்தைக் கொடுக்கும், அதன்மேல் வேறு எதையோ கொடுத்திருக்கிறார்கள், நுரையீரலுக்குள் பால் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அக்கா அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்க, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

“மூலிகைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு உனுக்கு யாருடி சொன்னது?” என்றாள் அமராவதி. “வேலை செய்யறதாலதானே அவுரு தூங்குனாரு. அப்ப அதுவும் மருந்துதானே. போய் மொதல்ல அதத் தூக்கிக் குப்பையில போடு.”

மறுநாள் தணிக்கை. இரண்டு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று அக்காதான் அனுப்பி வைத்தாள். எழிலோடு முதுநகருக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரி ஏசியில் பிடித்த சளி மூக்கை அடைத்தது. பையில் கிடந்த சளி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். குழந்தைக்கு இட்லி ஊட்டிப் படுக்க வைத்தாள். உடம்பெல்லாம் வலித்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் மாமாவின் மூச்சு கேட்டது. கண்ணைத் திறந்தால் அடுக்களை. நாளைக்குக் கை நடுங்கினால் வேலை போய்விடும். அலமாரியின் பின்னால் சூரணப் பொட்டலம் இருந்தது, இன்னும் குப்பைக்குப் போகவில்லை. மாமாவுக்கு ஆகாமல் போனது வயசால், அந்த நரம்பு மாத்திரையால், எனக்கு என்ன, நான்தான் ஒரு மாத்திரையும் சாப்பிடுவதில்லையே என்று நினைத்தாள். சளி மாத்திரையை யார் மாத்திரை என்று கணக்கில் வைப்பார்கள்? ஸ்பூனைக் குவித்துப் பாலில் கலக்கி, நின்றபடியே குடித்து முடித்தாள்.

குழந்தைக்குப் பக்கத்தில் வந்து படுத்துக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அமராவதி.

“வினோ, மாமா கண்ண முழிச்சிட்டாரு. இப்ப தேவலாம். ஆனா ஒரே கேள்விதான். ‘வீட்ல யாரு பதில் சொல்றா, வீட்ல யாரு பதில் சொல்றா’ன்னு கேட்டுக்கினே இருக்காரு. ஊசியப் புடுங்கிட்டு எழுந்திரிக்கிறாரு. இன்னாடி அது?”

வினோதினி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவ இல்ல, கொழந்தையும் இல்ல, நான் மட்டுந்தான் இருக்கேன். அத்தனை இரவும் அந்தக் கிழவர் அவளை ஒதுக்கவில்லை, ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார். கேட்கிறவனிடம் சலிக்காமல் பொய் சொல்லிக் கதவோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வாயைத்தான் அவள் பால் ஊற்றி மூடியிருக்கிறாள். மாமா, மாமா என்று மனசு அலறியது.

எழுந்திரு. குழந்தையைத் தூக்கு. தெருவுக்குப் போ.

முட்டி மடங்கவில்லை. எழ முயன்ற உடம்பு மெத்தையிலேயே சரிந்தது. போன் கையிலிருந்து வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. அக்காவின் குரல் அங்கிருந்து “அலோ, அலோ” என்றது, பிறகு நின்றது. விரலை அசைக்கப் பார்த்தாள். விரல் அவளுடையதாகவே இல்லை. இமை பாதி மூடி அப்படியே நின்றுவிட்டது. அந்த இடுக்கு வழியாக நைட் லேம்ப்பின் நீல வெளிச்சமும், எழிலின் முகமும், அறைக் கதவும் தெரிந்தன. காது மட்டும் திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

அப்படியானால் அவரும் தூங்கவில்லை. இத்தனை இரவும். இப்படித்தான் கிடந்திருக்கிறார், ஒவ்வொரு செருமலையும் கேட்டுக்கொண்டு, நாக்கைப் புரட்ட முடியாமல்.

அடுக்களையில் ஒரு பாத்திரம் நகர்ந்தது.

செருமல்.

காத்திருப்பு.

கூடத்தில் ஈரக் காலடி. ஒன்று. நிதானமாக இன்னொன்று. சேற்று வாடை முதலில் உள்ளே வந்தது. அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அது நின்றது. அவசரப்படவில்லை. வந்தவருக்கு எப்போதும் நேரம் இருந்தது.

செருமல்.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். நாங்கள் இல்லை. யாரும் இல்லை. நாக்கு வாய்க்குள் நனைந்த துணியாகக் கிடந்தது. தொண்டையில் இருந்து காற்று மட்டும் வந்தது. தாயே, ஒரு சொல். ஒரே சொல்.

எழில் தூக்கத்தில் புரண்டாள்.

“தாத்தா சும்மா சொன்னாரு,” என்றாள், கண்ணைத் திறக்காமல், வீட்டுக்கு வந்த பெரியவர்களிடம் பேசும் மரியாதைக் குரலில். “அம்மா இங்கதான் இருக்காங்க. நானும் இருக்கேன். வாங்க.”

கதவு திறந்தது. வெளியே நல்ல இருட்டு. அந்த இருட்டில் எதுவும் தெரியவில்லை.

குழந்தை சுவரோரமாக நகர்ந்தாள். தனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டாள்.

மெத்தை மெல்ல அமுங்கியது. வினோதினியின் கை ஓரமெல்லாம் சில்லென்று நனைந்தது. கத்தினாள். சத்தம் வரவில்லை.

எழில் தூக்கத்திலேயே அந்தப் பக்கம் திரும்பி, தாத்தாவோடு படுக்கும்போது செய்வதுபோல் கையைத் தூக்கிப் போட்டாள். கை மெத்தையில் வந்து விழவில்லை. ஒரு மனிதனின் மார்பு உயரத்தில், நீல வெளிச்சத்தில், வெறுங்காற்றின் மேல் தங்கி, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.