படி வளைவில் மாட்டிய அலமாரி

பகல் பதினொன்று. கைப்பையில் பாஸ்போர்ட் இல்லை.

நர்ஸ் பையைத் தரையில் கவிழ்த்தாள். பணப்பை இருந்தது. போன், பேனா, தலைவலி மாத்திரை, வீட்டுச் சாவி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து உள்துணியை வெளியே இழுத்துப் பார்த்தாள். அது மாட்டு நாக்கு மாதிரித் தொங்கியது. காலி.

"என்னங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

இரண்டு மணிக்கு விமான நிலையம் போக வண்டி வரும். கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் வேலை. இந்த வாரத்துக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். இரவு டியூட்டிக்கு நடுவே கண் எரியப் படித்து, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை பிடித்த இடம். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

பாஸ்போர்ட் கிடைத்தாலும் போக வழி இல்லை என்பது வேறு கதை. வீடு மூன்றாவது மாடி, அதுதான் கடைசி மாடியும். வாசலைத் தாண்டியதும் படிக்கட்டு திரும்பும் வளைவில், கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு தேக்கு அலமாரி தலைகுப்புறச் சாய்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தூக்க வந்த இரண்டு ஆட்களும் அலமாரிக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் எல்லாம் இந்தப் பக்கம்.

அந்த மற்றவர்கள் ஐந்து பேர். நர்ஸ். அவள் கணவன், தொழிற்சாலையில் ஃபிட்டர், தெருவிலும் அவனுக்கு அதுதான் பெயர். அவனுடைய அக்கா, அதாவது நர்சின் நாத்தனார். சாமான் கட்டிக் கொடுக்க விடிவதற்குள் வந்தவள். பழைய மரச்சாமான் வாங்கும் வியாபாரி. கடைசியாக, கீழ் வீட்டு க்ளெய்ம் மேடம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கோடவுன்களையும் காணாமல் போன கார்களையும் பார்வையிட்டு, போனது நிஜமா பொய்யா என்று எழுதுகிற உத்தியோகம் அவருக்கு. புத்தக அலமாரி ஒன்றை விலை பேச மேலே வந்தவர், வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்வது என்று முடிவானதிலிருந்து பத்து நாளாக அந்தக் குடும்பத்துக்குத் தலைவலி ஒன்றுதான்: மெத்தை. மேஜைக்கு ஆள் கிடைத்தது, கட்டிலுக்கு ஆள் கிடைத்தது. நடுவில் குழிவிழுந்து, ஓரத்தில் காபிக் கறை படிந்த மெத்தையை மட்டும் யாரும் சீந்தவில்லை. குப்பை வண்டிக்காரர்கள் நாலு துண்டாக நறுக்கிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். வாட்ச்மேன் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, தன் முதுகு இன்னும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கட்டும் என்று மரியாதையாக நழுவிவிட்டார். வியாபாரியோ அதைத் தொடக்கூட மாட்டேன் என்றார். ஃபிட்டர் தன் பங்குக்கு அக்கா வீட்டுக்கே கொண்டுபோகலாமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். மனைவி அங்கிருந்து கூப்பிட்டுக்கொள்ளும்வரை ஆறு மாதம் அக்கா வீட்டு முன்னறைதான் அவனுக்கு வாசம்.

இப்போது அந்த மெத்தை காலி ஹாலின் நடுவே கிடந்தது. மின்விசிறியைக் காலையிலேயே கழற்றியாகிவிட்டது. திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியே வெயில் நேராக உள்ளே விழுந்தது. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி. நர்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தாள். ஒரு ஆட்டோ போனது. ஒரு பெண் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே நடந்தாள். எத்தனை சுலபமாக நடக்கிறாள் என்று இவளுக்குப் பொறாமையாக இருந்தது.

பாஸ்போர்ட்டைத் தேடினார்கள். தேடுவதற்கு அதிகம் இல்லாததுதான் கஷ்டம். நாத்தனார் முதலில் வியாபாரியின் பையைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் முகம் சுருங்கிப் போனது. பையைத் தலைகீழாக உதறினார். அளவு டேப், சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். சட்டைப் பையையும் தானே வெளியே இழுத்துக் காட்டினார். அலமாரியின் கதவைத் திறந்து, போன் வெளிச்சத்தில் தட்டுத் தட்டாகப் பார்த்தார்கள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கடைசியில் ஃபிட்டர்தான், மெத்தைக்குள் நழுவியிருக்கும் என்று சொல்லி, சமையலறைக் கத்தியால் அதன் வயிற்றைக் கிழித்தான். பஞ்சும் ரப்பர் தூளும் ஹால் முழுக்கப் பறந்தன. பாஸ்போர்ட் இல்லை.

களைத்துப்போய் எல்லோரும் கிழிந்த மெத்தை மீதே உட்கார்ந்தார்கள். வேறு இருக்கை ஏது? ஃபிட்டர் மட்டும் சட்டையைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றான்.

"வீட்டுக்காரனை மெத்தையோட மெத்தையா ஒதுக்கிட்டுப் போறவளுக்கு இதெல்லாம் ஒரு சகுனம்னு வெச்சுக்க" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, எடுத்திருந்தா குடுத்துடுங்க." நர்ஸ் எழுந்து அவள் முன்னால் நின்றாள். "கால்ல வேணா விழறேன்."

நாத்தனார் அவளை வெறித்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம் இருந்தது. அதை க்ளெய்ம் மேடம் கவனித்தார்.

கீழேயிருந்து வீட்டுச் சொந்தக்காரர் குரல் கொடுத்தார். கைப்பிடியில் கைவைத்தால் நடக்கிறதே வேறு என்றார். ரம்பத்தோடு ஒரு தச்சர் சாப்பாட்டுக்கு மேல் வருவார் என்றும் சொன்னார். தேக்கை அறுப்பதா என்று வியாபாரி பதறினார். கழற்றி எடுக்க வழி இருக்கிறதா என்று ஃபிட்டரைக் கேட்டார்.

"அது ஒரே பீஸுங்க. கழட்ட வராது" என்றான் ஃபிட்டர். "டூல் பாக்ஸும் இல்ல. விடியக்காலையிலயே முதல் லோடுல அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு."

வியாபாரி பெருமூச்சுவிட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்த சாமான்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டுக் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு பழைய சாக்ஸ் தொங்கியது. அதற்குள் அந்தந்தச் சாமானின் போல்ட்டும் நட்டும். "ஸ்டூலைக்கூடக் கழட்டி சாக்ஸ் மாட்டி வெச்சிருக்காரு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரி" என்று அந்த நிலையிலும் சிரித்தார்.

க்ளெய்ம் மேடம் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கட்டில் சட்டத்தில் தொங்கிய சாக்ஸைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு வாசல்வரை நடந்து அலமாரியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து நர்சின் எதிரே நின்றார்.

"கடைசியா எப்ப பார்த்தே?"

"குளிக்கப் போறதுக்கு முன்னாடி. ஒம்பது மணி இருக்கும் மேடம்."

"எங்க வெச்சு?"

"கட்டில் மேல. பையைக் கொட்டி எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்தேன். ஜிப் போட்டுக் கதவுக் கொக்கியில மாட்டினேன்."

"குளிச்சிட்டு வந்தப்ப?"

"பை அங்கயேதான் தொங்கிச்சு. கட்டில்தான் இல்ல. கழட்டிக் கட்டி வெச்சிருந்தாரு. அலமாரியை அப்பதான் வெளிய தூக்கிட்டிருந்தாங்க."

"முதல் லோடு எப்ப போச்சு?"

"இருட்டு பிரியறதுக்குள்ள."

மேடம் தலையாட்டினார். நாத்தனாரிடம் திரும்பி, அந்த நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று கேட்டார். சமையலறையில் கண்ணாடிச் சாமான்களுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்ததாக அவள் சொன்னாள். வியாபாரி, தானும் ஆட்களும் வந்தபோது கதவைத் திறந்தது ஃபிட்டர்தான் என்றார். உள்ளே கால் வைத்ததும் முதலில் அலமாரியைத்தான் தூக்கியதாகவும், அதுவரை படுக்கையறையில் ஃபிட்டரைத் தவிர யாரும் இருந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

"சரி" என்றார் மேடம். "என் வேலையில நான் முதல்ல பார்க்கிறது போன பொருளை இல்ல. போகாத பொருளை. பையில பணம் இருக்கு, போன் இருக்கு. அப்போ திருடன் இல்ல. நெருப்புப் பெட்டி சமையலறையில இருக்கு, யாரும் எதையும் எரிக்கலை. அப்போ விரோதியும் இல்ல. யாரோ இதை ஒரு நாளைக்கு மட்டும் ஒளிச்சு வைக்கணும்னு நினைச்சிருக்காங்க. சாயங்காலம் விமானம் போன பிறகு, 'அட, இங்க இருக்கே'ன்னு எடுத்துக் குடுக்கிறதுக்கு."

மேடம் வாசல் பக்கம் கை காட்டினார்.

"இந்த வீட்டுல ஒரு மனுஷர் இருக்காரு. கழட்டாம ஒரு ஸ்டூலைக்கூட வாசல் தாண்ட விடமாட்டாரு. எல்லாச் சாமானுக்கும் சாக்ஸ் இருக்கு. இருக்கிறதுலேயே பெரிசு, இந்தப் படியில திரும்பாதுன்னு பார்த்தாலே தெரியிற ஒண்ணு, அதுக்கு மட்டும் சாக்ஸ் இல்ல. முழுசா வெளிய போச்சு. ஒரே பீஸாம், கழட்ட வராதாம். அடியில பீடத்தைப் பிடிச்சு நாலு போல்ட் இருக்கே, தம்பி. நான் இப்பதான் பார்த்தேன். இந்த வளைவுல இது முன்னாடி ஏறியிருக்கு. பீடத்தைத் தனியாக் கழட்டித்தான் ஏறியிருக்கணும். ஏத்தினது நீங்கதானே?"

ஃபிட்டர் சட்டையை மறுபடி பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"டூல் பாக்ஸ் விடியறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. கட்டிலோ ஒம்பது மணிக்கு நின்னுட்டிருந்திச்சு. பல்லாலயா கழட்டினீங்க? ஸ்பேனர் உங்ககிட்டத்தான் இருக்கு. பின் பாக்கெட்ல. அதனாலதான் நாங்க எல்லாரும் உட்கார்ந்தும் நீங்க உட்காரல."

நர்ஸ் மெல்லத் தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள்.

"போன் வெளிச்சத்துல தேடினப்பவே பார்த்தேன், அடித்தட்டுக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி இருக்கு" என்று மேடம் முடித்தார். "அதுல ஒரு பொருளைப் போட்டா பீடத்துக்குள்ள விழுந்துடும். போல்ட்டைக் கழட்டினாத்தான் வெளிய வரும். போடறது ஒரு நொடி. எடுக்கறதுக்கு நேரம் வேணும், தனிமை வேணும். அந்த நேரம் பார்த்து ஆளுங்க வந்துட்டாங்க. இவங்க முன்னாடி கழட்டினா பாஸ்போர்ட் விழும். கழட்டலைன்னா அலமாரி மாட்டும். மாட்டும்னு தெரிஞ்சே அனுப்பினீங்க. ரெண்டு மணி நேரமா நாம மட்டும் இல்ல, நீங்களும்தான் அதுக்குள்ள மாட்டிட்டு நிக்கிறீங்க."

ஃபிட்டரின் கை பின்னால் போனது. ஸ்பேனரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அவசரத்துல அதுல போட்டுட்டேன், உடனே கழட்டி எடுத்து வேற இடத்துல வெச்சுடலாம்னு நினைச்சேன்" என்றான். "ஒரு நாள் தள்ளிப் போகட்டும்னுதான்... அதுக்குள்ள கதவைத் தட்டிட்டாங்க."

நாத்தனார்தான் முதலில் எழுந்தாள். "நான் வாயால தடுத்தேன்டா, ஊருக்கே கேக்கற மாதிரி. நீ பல்லைக் காட்டிட்டே கையால தடுத்திருக்க. இந்த வீட்டுல திருடிப் பட்டம் எனக்கு."

நர்ஸ் அழவில்லை. நோயாளியிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"மனு போடறப்ப என்னைப் போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான். தலையைச் சரி பண்ணிக்கன்னு சீப்பு எடுத்துக் குடுத்தீங்க. அப்ப மட்டும் எப்படிச் சம்மதம்?"

அவன் தரையைப் பார்த்தான். "கிடைக்கும்னு அப்ப நான் நினைக்கல."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு தெளிவாக வலித்திருக்காது. மூன்று தடவையும் தேர்வு மையத்தின் வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டவன். இரண்டு தடவை தோற்றபோது அவன் வாங்கிவந்த ஐஸ்கிரீமும், மூன்றாவது தடவை ஜெயித்தபோது அவனுக்கு வந்த காய்ச்சலும் அவளுக்கு வேறு விதமாக ஞாபகம் வந்தன.

"கழட்டுங்க" என்றாள்.

ஃபிட்டர் படி வளைவில் மண்டியிட்டான். கீழே இருந்த ஆட்களை அலமாரியைத் தோள் கொடுத்துத் தாங்கச் சொன்னார் வியாபாரி. நாலு போல்ட். முதல் மூன்றும் சுலபமாக வந்தன. நாலாவது முரண்டு பிடித்தது. கழற்றிய போல்ட்டுகளை எதிலாவது போட்டுக் கட்ட அவன் கை பழக்கத்தில் அங்குமிங்கும் துழாவியது. பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பீடம் கழன்றது. அவனுடைய கைக்குட்டையில் சுற்றிய சிறிய பொட்டலம் ஒன்று படியில் விழுந்தது.

அதை எடுக்க அவன் கை நீளவில்லை. அவளே குனிந்து எடுத்தாள். கைக்குட்டையை உதறி அவன் தோளில் போட்டாள். பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு சாண் குறைந்ததும் அலமாரி சுவரை உரசாமல் திரும்பி, கைக்குழந்தை மாதிரி ஆட்களின் தோளில் இறங்கிப் போனது. அது நகர்ந்த இடத்தின் வழியாகக் கீழ் மாடிகளின் காற்று மேலே ஏறி வந்தது. வியாபாரி தன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நாத்தனார் அவரை நிறுத்தி, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நர்ஸ் பெட்டியைத் தூக்கினாள். அதன் மறுபக்கக் கைப்பிடியை நாத்தனார் பிடித்தாள்.

"நீங்க எதுக்கு அண்ணி?"

"பேசாம நட. நீ போறது எனக்குப் பிடிக்கலதான், இப்பவும் பிடிக்கல. ஆனா ஏர்போர்ட் வாசல்ல நீ உள்ள போறதைக் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு இன்னைக்குச் சோறு இறங்கும்."

நாலு படி இறங்கியிருப்பார்கள். மேலேயிருந்து அவன் கூப்பிட்டான். ஸ்பேனர் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. ஆறு மாதம் கழித்துச் சொன்னபடி தன்னைக் கூப்பிட்டுக்கொள்வாளா என்று கேட்டான்.

அவள் திரும்பி, யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"தெரியலங்க. அதுவரைக்கும் உங்க பாஸ்போர்ட்டை யார் கையிலயும் படாத இடமாப் பார்த்து வெச்சுக்கங்க."

பெட்டி கைப்பிடியில் இடிக்காமல் இரண்டு பெண்களும் வளைவைத் திரும்பினார்கள்.