குறி சொல்கிறவன்

டெலியா துப்பாக்கி விசையை இன்னும் அழுத்தவே இல்லை. அதற்குள் காதில் "பட்டுச்சு" என்றது குரல்.

திடுக்கிட்டதில் விரல் தானாக அழுத்திவிட்டது. நிலக்கடலைக் காட்டின் கோடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பெண்பன்றி சுருண்டு விழுந்தது, எழுந்தது, பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடைப் புதருக்குள் புகுந்துவிட்டது.

"என்னடா, சுடறதுக்கு முன்னாடியே பட்டுச்சுங்கறே? அக்கா மேல அவ்ளோ நம்பிக்கையா?"

"நான் எங்க சொன்னேன்? வாய் முழுக்க விதை." பின்னால் முக்காலித் தொலைநோக்கியின் அருகே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராய்ஸ், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினான். "உனக்கு வயசாயிடுச்சு அக்கா. காதுல பேய் பேசுது."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அது அவன் குரல்தான். போட்டிகளில் அத்தனை வருடமாகக் கேட்ட குரல் எப்படி மறக்கும்? ஜோடியாகச் சுடும் போட்டிகளில் டெலியா துப்பாக்கியின் குறிக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். காற்றைப் பார்ப்பதும், குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வதும் குறி சொல்கிறவனின் வேலை. அவன் இடது என்றால் அவள் கை இடது போகும். நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. அப்படித்தான் டெக்சாஸ் முழுக்கக் கோப்பைகளை அள்ளினார்கள். அம்மா போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே உறவும் இந்த வாயாடித் தம்பிதான்.

ராய்ஸ் எழுந்து கத்தியையும் டார்ச்சையும் எடுத்தான். காயம்பட்ட பன்றியைப் புதரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இறைச்சி வாட்டித் தின்பது அந்தப் பக்கத்தில் பெரிய கேவலம்.

"மாநில சாம்பியன் பன்னியோட காலச் சுட்டாங்கன்னு ஊர்ல தெரிஞ்சா என் மானம் போயிடும். முடிச்சுட்டு வரேன்."

"பாத்துப் போடா. குட்டி போட்டதா இருந்தா கிழிச்சிரும்."

"சரிங்க சாம்பியன் அம்மா."

வண்டியின் பின்தட்டில் துப்பாக்கிக்குப் பின்னால் குப்புறப் படுத்தபடி, டார்ச் வெளிச்சம் கடலைச் சால்களைத் தாண்டிக் குலுங்கிக் குலுங்கிப் போவதைப் பார்த்தாள். மேற்கே கடைசிச் சிவப்பும் வடிந்து, வடக்கிலிருந்து கிளம்பிய குளிர்காற்று உலர்ந்த கடலைக் கொடிகளைச் சலசலக்க வைத்தது. மெல்லிய ஓசையைப் பெரிதாக்கி வெடியோசையை மட்டும் தடுக்கும், ரேடியோ பொருத்திய அவள் காதுக்கவசத்துக்குள், ஓக் மரக்காய் வண்டியின் தகரக் கூரையில் விழுவதுகூடக் கல்லெறிந்ததுபோல் கேட்டது. புதரின் வாயில் வெளிச்சம் ஒரு தடவை தயங்கியது. அணைந்தது.

"ராய்ஸ்?"

கவசத்தின் ரேடியோவில் மெல்லிய இரைச்சல் மட்டும்.

"டேய், விளையாடாதே."

பிறகு பின்னால் மடக்கு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ கனமாக உட்கார்ந்த சத்தம்.

"வந்துட்டேன் அக்கா."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியில்தான், இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான் என்று கேட்கத் தோன்றவில்லை.

"பன்னி?"

"செத்துப்போச்சு. இன்னொண்ணு வருது. பாரு."

கேலி இல்லை. அவளை ஒரு குத்துக் குத்தாமல் ராய்ஸ் பேசி முடித்து அவள் கேட்டதே கிடையாது. சேற்றுக் குட்டையின் வாடை வந்தது, புளித்த, முடி நனைந்த வாடை. பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். விதைத் தோல் அப்படி நொறுங்காது. திரும்பிப் பார்க்கலாம். குண்டு ஏற்றிய துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுக்காதே என்று அவளுக்குள் ஊறிய பழக்கம் ஒரு பக்கம். பயம் மறுபக்கம். பார்க்கவில்லை.

வெப்பத்தை வெள்ளையாகக் காட்டும் குறிக்கண்ணாடியில் காடு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. புதரிலிருந்து வெள்ளையாக ஒன்று வெளியே வந்தது. தாழ்வாக, நான்கு காலில், நின்று நின்று.

"இடது பக்கம் ஒரு மயிரிழை."

கை நகர்ந்தது.

பன்றியின் தோள் தோல் தடிமன்; அங்கே சூடு மங்கலாகத்தான் தெரியும். இதற்குத் தோள் முழுக்க வெள்ளை. முகம் முழுக்க வெள்ளை. மூக்கு நீளவே இல்லை.

"சுடு."

சுட்டாள்.

வெள்ளை உருவத்துக்கு முன்னால் மண் தெறித்தது. உருவம் அப்படியே நின்றது. பிறகு எழுந்தது.

இரண்டு காலில்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக ஆட்டியது. சுடாதே. சுடும் களத்தில் அவள் ஆயிரம் முறை பார்த்த சைகை. இடது கால் சரியாக ஊன்றாமல் துவண்டது. அந்த நெட்டை உடம்பை, அந்தச் சாய்ந்த தோளை அவளுக்குத் தெரியும்.

"கீழ போச்சு," என்றது காதில் ராய்ஸின் குரல். "கொஞ்சம் மேல."

விரலை விசையிலிருந்து பிடுங்கினாள். கவசத்தைக் கழற்றி எறிந்தாள். குளிர் காதில் அறைந்தது. தூரத்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி. எங்கோ நரிக் கூட்டம். கொடிகளின் சலசலப்பு. எல்லாம் கேட்டது.

கண்ணாடிக்குள், காட்டின் நடுவில் ராய்ஸ் கத்திக்கொண்டிருந்தான். வாய் கிழியத் திறந்திருந்தது. உள்ளே இருந்த சூடு வெள்ளையாக எரிந்தது. நெஞ்சு விரிந்து விரிந்து சுருங்கியது. கத்தினான். மறுபடி கத்தினான்.

சத்தமே வரவில்லை.

"ராய்ஸ்," என்றாள். "என் தங்கமே, வாடா. ஓடி வாடா."

வண்டியின் பின்தட்டு தாழ்ந்தது. யாரோ ஏறினார்கள். கனமாக. ஈரமான மூச்சு அவள் பிடரியில் பட்டது, சூடாக.

வெறும் காதுக்குப் பக்கத்தில், அவன் குரலில், செல்லமாக:

"அக்கா. கொஞ்சம் மேல."

வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

அவள் இடது கை, துப்பாக்கியின் அடிக்கட்டைக்குக் கீழிருந்த மணல்பையை மெல்லத் தளர்த்தியது. கட்டை தாழ, குழல் உயர்ந்தது. குறுக்குக்கோடுகளின் நடுவில் ராய்ஸின் திறந்த வாய் வந்து நின்றது.